கஞ்சியை ஒளித்துவைத்த ஹாலோவீன்

சாம்பிராணிப் புகையையும் மீறிக்கொண்டு வரும் ஈர நாயின் மணம் உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. நான் ஆறாம் வகுப்பு முழுவதும் அந்த மணத்தில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதினேன். அபுதாபி பக்கத்து ருவைஸில் அப்பாவுக்குக் கம்பெனி கொடுத்திருந்த ஃப்ளாட்டில் நாய் வளர்க்கக் கூடாது. நாங்கள் வளர்த்தோம். அதனால் அம்மா கிளினிக்கில் நர்ஸ் டூட்டி முடித்து வந்ததும், செருப்பைக் கழற்றுகிறாளோ இல்லையோ, காரிடார் வரைக்கும் புகை போகிற மாதிரி சாம்பிராணி போட்டுவிடுவாள். அக்கம்பக்கத்தில் எங்களைப் படுபயங்கர பக்தியான குடும்பம் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள்.

நாயின் பெயர் கஞ்சி. ரிஃபைனரி கேட்டுக்கு வெளியே குழாய்க் குவியலுக்குள் கிடந்த குட்டியை, இன்ஸ்ட்ருமெண்ட் டெக்னீஷியனான அப்பா சாப்பாட்டுப் பையில் போட்டுக் கொண்டுவந்தார். வடிகஞ்சி நிறம், அதனால் அந்தப் பெயர். கொஞ்சம் தேறியதும் யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்றுதான் கொண்டுவந்தாராம். தேறிய பிறகு அந்தப் பேச்சை எடுக்க யாருக்கும் வாய் வரவில்லை, கடைசியில் அது அப்பாவின் காலடியில்தான் தூங்கியது.

மற்ற வீடுகளில் பிள்ளைகளைப் "போலீஸ்" என்று சொல்லிப் பயமுறுத்துவார்கள். எங்கள் வீட்டில் "ஹவுசிங்", ஃப்ளாட்டுகளைக் கண்காணிக்கிற கம்பெனி ஆபீஸ். இந்த மாடியில் ஏதோ மிருகத்தின் சத்தம் கேட்பதாக ஏற்கெனவே ஒருமுறை கதவிடுக்கில் நோட்டீஸ் செருகிவிட்டுப் போயிருந்தார்கள். அன்றைக்கு அப்பா எங்களை உட்காரவைத்து விளக்கிச் சொன்னார். இன்னொரு புகார் போனால் முதலில் நாய் போகும். அதற்கு மேலும் கோபம் வந்தால் ஃப்ளாட் போகும். ஃப்ளாட் போனால் அம்மா, தம்பி, நான் மூவரும் தூத்துக்குடிக்கு, அவர் பேச்சிலர் ரூமுக்கு. ஒரு நாய் குரைத்தால் ஒரு குடும்பம் பிரியும் என்கிற கணக்கு எனக்கு அன்றே மனப்பாடமாகிவிட்டது.

இந்த நிலைமையில்தான் என் தம்பி ஜூடு ஒரு வேலை பார்த்தான். எங்கள் காம்பவுண்டில் ஹாலோவீனுக்கு ஒரு வழக்கம் உண்டு: கதவில் அலங்காரம் தொங்கினால் பிள்ளைகள் பெல் அடித்து மிட்டாய் கேட்கலாம், தொங்காத கதவைத் தொடக் கூடாது. கதவைச் சும்மா விட்டிருந்தால் தப்பித்திருப்போம். ஜூடுவோ ஸ்கூல் பஸ்ஸில் நின்றுகொண்டு, எங்கள் வீடுதான் இந்த வருஷம் பயங்கரம், தைரியம் இருந்தால் வந்து பாருங்கள் என்று மொத்த பஸ்ஸையும் அழைத்துவிட்டான்.

அம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. "ஏல, நாய உள்ள வச்சிக்கிட்டு ஊரையே கூப்பிட்டு வந்திருக்கியே, நீ பள்ளியூடத்துக்குப் போறியா, இல்ல வெத்தல பாக்கு வைக்கப் போறியா?" என்றாள். வேறொரு கவலையும் அவளுக்கு இருந்தது. ஹாலோவீன் போன மறுநாளுக்கு மறுநாள் கல்லறைத் திருநாள். ஊரில் தாத்தாவின் கல்லறையைக் கழுவி மெழுகுவத்தி ஏற்றுகிற வாரத்தில் இங்கே பேய் கட்டித் தொங்கவிடுவதா என்று அவளுக்கு உதறல். "செத்தவுகள வச்சி வெளையாடக் கூடாது" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அப்பா மட்டும் யோசித்துவிட்டு, கூப்பிட்ட பிறகு கதவைச் சும்மா விட்டால்தான் சந்தேகம் வரும் என்றார். கல்ஃப்காரன் மூளை அப்படித்தான் வேலை செய்யும்.

பேய் தயாரானது. கழுத்திலிருந்து கால்வரை ஒன்றாகத் தைத்த அப்பாவின் பழைய டூட்டி உடுப்பான "கவராலு"க்குள் பேப்பரைத் திணித்து, தலைக்குப் பதில் தலையணை வைத்து, அம்மா தந்த காலாவதியான பேண்டேஜ் துணியைச் சுற்றி, காலில் சேஃப்டி ஷூவும் மாட்டினோம். கஞ்சி அதை முகர்ந்து பார்த்துவிட்டு, அப்பா என்று நினைத்தோ என்னவோ, ஷூவின் மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. பயங்கரம் அத்தோடு காலி. பூசணிக்காயில் பயமுறுத்தும் முகம் வேண்டும் என்று கேட்டதற்கு அப்பா கூட்டுறவுக் கடையிலிருந்து சாம்பல் பூசணி வாங்கிவந்து, முறுக்கு மீசை, பிதுங்கிய கண், தொங்கும் நாக்கு என்று அச்சு அசல் திருஷ்டி பொம்மையை வரைந்து வைத்தார். அது ஆரஞ்சு நிறமாக இருக்க வேண்டும், கண்ணைக் குடைய வேண்டும் என்றெல்லாம் நான் கத்திப் பார்த்தேன். "ஏட்டி, பயந்தாப் போதும்லா?" என்றார்.

பேய் பிரச்சினையே இல்லை. பெல் அடித்தால் கஞ்சி குரைக்கும், அதுதான் பிரச்சினை. குரைப்பையே அலங்காரமாக்கிவிடலாம் என்று வழி கண்டுபிடித்ததும் அப்பாதான். டூ-இன்-ஒன் ரேடியோவில் வெற்று கேசட் போட்டு கஞ்சியின் குரலைப் பதிவு செய்வது. பிள்ளைகள் வரும்போது அதைச் சத்தமாக ஓடவிடுவது. உள்ளேயிருந்து நிஜ நாய் குரைத்தாலும் கேசட் என்று நினைத்துக்கொள்வார்கள். ஆனால் சொன்னால் குரைக்கிற ஜாதியில்லை கஞ்சி. ஜூடு வெளியே நின்று பெல்லை அமுக்க அமுக்கத்தான் வாயைத் திறந்தது. விளைவு, கேசட்டில் பெல் சத்தமும் விழுந்துவிட்டது; கேசட்டைப் போட்டால் அந்த பெல்லுக்கும் கஞ்சி குரைத்தது. அப்பா அதை ஸ்டீரியோ எஃபெக்ட் என்றார். யாரும் சிரிக்கவில்லை.

ஹாலோவீன் அன்று சாயங்காலம் மஃரிப் பாங்கு முடிந்த கொஞ்ச நேரத்தில் பெல் அடிக்க ஆரம்பித்தது. பாத்ரூமுக்குள் கவிழ்த்த வாளியின் மேல் அம்மா உட்கார்ந்து, ஒரு கையில் ஜெபமாலையும் மறு கையில் வேகவைத்த கோழித் துண்டுமாகக் கஞ்சியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்பா கிச்சனில், பட்டன் மேல் விரலோடு. அம்மாவின் கறுப்புத் துப்பட்டாவைப் போர்த்திய சூனியக்காரியாக நான் கதவைத் திறக்க, ஜூடு மிட்டாய் கொடுத்தான். குரைப்பு கேட்டதும் குட்டி டிராகுலாக்கள் அலறிக்கொண்டு ஓடினார்கள், திரும்பி வந்து இன்னொரு முறை கேட்டார்கள். நிஜமாகவே தப்பித்துவிடுவோம் என்று நான் நம்பத் தொடங்கியபோது அடுத்த பெல் அடித்தது.

கதவைத் திறந்தேன். தேவதைச் சிறகு கட்டிய ஷெரின். என் பஸ்ஸில் வருகிற பெண். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அவளுடைய அப்பா வர்கீஸ் சார். ஹவுசிங் ஆபீஸில் எங்கள் பிளாக்குக்குப் பொறுப்பு அவர்தான்.

யாரென்று பார்க்கத் தலையை நீட்டிய அப்பா, பெரிய மனுஷர் வாசலில் நிற்பதைக் கண்டதும், இத்தனை வருஷ வேலையில் ஊறிப்போன மரியாதையில் ஒரு காரியம் செய்தார். சத்தமாக ஓடிக்கொண்டிருந்த கேசட்டை டப்பென்று நிறுத்திவிட்டு, "வாங்க சார், வாங்க" என்று ஓடிவந்தார்.

கேசட் நின்றது. கஞ்சி நிறுத்தவில்லை.

பாத்ரூம் கதவுக்குப் பின்னால் அது குரைத்துக்கொண்டே இருந்தது, நடுவே அம்மாவின் "ஸ்ஸ்... ஸ்ஸ்" வேறு. வர்கீஸ் சார் பாத்ரூம் கதவைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், பூசணிக்காயின் மீசையையும் ஒரு நொடி பார்த்தார். ஜூடு நீட்டிய மிட்டாயை எடுத்துக்கொண்டு, "ரெக்கார்டிங் நன்னாயிட்டுண்டு, சேவியரே" என்று அப்பாவிடம் மலையாளத்தில் சொல்லிவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு லிஃப்ட் பக்கம் நடந்தார்.

அந்த ஒரு வாக்கியத்தை நாங்கள் எத்தனை விதமாகப் பிரித்துப் பார்த்தோம் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். நக்கலாகச் சொன்னாரா, எச்சரிக்கையா, மன்னித்துவிட்டாரா? சொல்லும்போது சிரித்தாரென்று ஜூடு சொன்னான். மிட்டாயை மென்றதை நீ சிரிப்பென்று நினைத்துவிட்டாய் என்றேன் நான். கல்லறைத் திருநாளுக்கு அம்மா ஜன்னலோரம் மெழுகுவத்தி ஏற்றியபோது தாத்தாவுக்கு வேண்டிக்கொண்டாளா கஞ்சிக்கா என்பது அவளுக்கே வெளிச்சம். நோட்டீஸ் வரவில்லை. வராதது இன்னும் மோசமாக இருந்தது. கதவடியில் பீட்ஸா கடை விளம்பரம் வந்து விழுந்தாலும் அம்மா அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிடுவாள். அப்பா சரியாகச் சாப்பிடவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அப்பா, கூட வேலை பார்த்த பாகிஸ்தானி பாயின் பிக்கப் வண்டியில் கஞ்சியை ஏற்றி, பாலைவனத்தில் லிவா பக்கத்து ஒட்டகப் பண்ணை ஒன்றில் விட்டுவிட்டு வந்தார். ஜூடு தரையில் புரண்டு அழுதான். அப்பா அவனைத் திட்டவில்லை. "அவுக சொல்லி அனுப்புறதுக்கு முன்னால நாமளே அனுப்பிட்டா அதுதாம்லா மரியாத" என்றார், யாரிடமோ சொல்வது போல.

அடுத்த வாரம் பஸ்ஸில் ஷெரின் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, காதோடு இங்கிலீஷில் கேட்டாள்: உங்கள் நாயைப் பார்க்க எப்போது வரலாம்? யாரிடமும் சொல்லிவிடாதே என்று லிஃப்டிலேயே அவள் அப்பா சொல்லிவிட்டாராம். ஒரு நாள் கூட்டிப்போகிறேன் என்றும் சொல்லியிருந்தாராம்.

வீட்டில் போய்ச் சொன்னேன். அப்பா வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார், பிறகுதான் எங்களிடம் வண்டி இல்லை என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. வெள்ளிக்கிழமை வரை காத்திருந்து பாயோடு பண்ணைக்குப் போனார். இருட்டுவதற்குள் தனியாகத் திரும்பிவந்தார். கொண்டுவிட்ட இரண்டாம் நாளே அது ரோட்டுப் பக்கமாக ஓடிப்போனதாம். பண்ணைக்காரர் கையை விரித்து, "மாஃபி", இல்லை, என்றாராம்.

இப்போது அந்த பிளாக்கே இல்லை, இடித்துவிட்டார்கள் என்று அபுதாபியில் வேலை பார்க்கிற ஜூடு சொல்கிறான். வர்கீஸ் சார் குடும்பம் கனடாவோ எங்கோ. அப்பாவும் அம்மாவும் தூத்துக்குடியில், ஊருக்கு வெளியே சொந்தமாகக் கட்டிய வீட்டில் இருக்கிறார்கள். போன மாதம் போயிருந்தபோது, காவலுக்கு ஒரு நாய்க்குட்டி வாங்கித் தருகிறேன் என்றேன். அம்மாவின் முகம் மலர்ந்தது. அப்பா வேண்டாம் என்றார், யாராவது ஏதாவது சொல்வார்களாம்.

மொட்டைமாடியில் ஏறி நின்று பார்த்தேன். எங்கள் வீட்டைச் சுற்றி வேறு வீடே இல்லை, நான்கு பக்கமும் உப்பளம்தான்.