கிணற்றுத் தண்ணீர் மஞ்சள்

அந்த அண்ணாச்சியை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னிடம் வந்து பெரிய மனசு பண்ணச் சொல்ல வேண்டாம்.

நான் தாராவியில் பிறந்தவள். கல்யாணத்துக்குப் பிறகு நானும் வீட்டுக்காரரும் பன்வெல் தாண்டி ஒரு மராட்டிக்காரரின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தோம். கிணறு உண்டு, மாடு உண்டு. உரம் அந்த மாடு போடுகிற சாணம்தான். மணத்தக்காளி, சுண்டைக்காய், புடலை, பொங்கலுக்கு மஞ்சள் என்று இங்குள்ள தமிழர்கள் கேட்பதையே போட்டோம். விடியற்காலை ரயிலில் லக்கேஜ் டப்பாவில் ஏற்றிவந்து, மாட்டுங்காவில் அண்ணாச்சியின் காய்கறிக் கடையில் இறக்குவேன். நம்ம திருநெல்வேலிப் பக்கத்து ஆள்தானே என்று நம்பினேன்.

ஒருநாள் திலக் நகரில் சில வீடுகளுக்கு நானே நேராகக் கீரை கொடுக்க ஆரம்பித்தேன். அவ்வளவுதான், அவருக்கு வயிறு எரிந்துவிட்டது. "அவ கீரையா? ரயில் பட்ரி ஓரத்துல, கட்டர் தண்ணியில வளக்கா. நான் வாங்குததையே நிப்பாட்டிட்டேன்" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறார். தண்டவாளத்தோரம் சாக்கடைத் தண்ணீரில் கீரை விளைவதை இந்த ஊரில் பார்க்காதவர் யார்? பொய் சட்டென்று ஒட்டிக்கொண்டது. அவரும் வாங்குவதை நிறுத்தினார், திலக் நகரில் கதவு திறப்பதும் நின்றது. கட்டுக்கட்டாகக் கீரையை மாட்டுக்குப் போட்டேன். போடும்போது அழுதேன், பிறகு அவரைத் திட்டினேன்.

"பொங்க வரைக்கும் பாப்போம். அப்புறம் நெலத்த விட்டுட்டு ரிக்‌ஷா ஓட்டப் போறேன்" என்றார் வீட்டுக்காரர்.

போகியன்று காலையில் அண்ணாச்சியின் போன். "தங்கச்சி, மஞ்சக் கொத்து ஏத்திட்டியா?"

என் கீரை ஆகாது, என் மஞ்சள் மட்டும் வேண்டுமாம்! வேரும் இலையுமாகப் பச்சை மஞ்சளைப் பொங்கல் பானையில் கட்டுவதற்கு வழக்கம்போல எல்லோரிடமும் முன்பணம் வாங்கிவிட்டார். என்னைக் கேட்கவே இல்லை. மஞ்சள் கேட்டால் இல்லையென்று சொல்லக் கூடாது என்பது நம் வழக்கம். அதை நம்பி வேறு யாரிடமும் சொல்லிவைக்கவில்லை.

"ஏத்திட்டேன் அண்ணாச்சி" என்றேன். ஏற்றித்தான் இருந்தேன். கொண்டுவந்து அவர் கடைக்கு எதிரிலேயே சாக்கை விரித்து உட்கார்ந்தேன்.

கடையில் கூட்டம் நெருக்கியது. மனுஷர் தான் வராமல் பெண்டாட்டியை அனுப்பினார். "மஞ்சளுக்கு இல்லன்னு சொல்லிராதளா" என்றாள் அவள், தலையைக் குனிந்துகொண்டு.

"ஒங்களுக்கு இல்லாமலா மைனி?" நல்ல கொத்தாக எடுத்து அவள் கையில் கொடுத்தேன். "இது ஒங்க வீட்டுப் பானைக்கு. கடைக்குக் கிடையாது."

முன்பணம் கொடுத்தவர்கள் பொறுமையிழந்து என் பக்கம் வந்தார்கள். அதற்குள் ஒரு மாமி, "ஐயோ, இவ கட்டர் ஜலத்துல வளக்கறவளாச்சே! இதைப் போய்ப் பொங்கப் பானைல கட்டறதா?" என்று கத்தினாள். எல்லோரும் அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"சொல்லுங்க அண்ணாச்சி, எந்தத் தண்ணி?" என்றேன்.

"கெணத்துத் தண்ணிதான்" என்று முனகினார்.

"காதுல விழல."

"கெணத்துத் தண்ணிதாம்மா! நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்."

"ஹிந்தியிலயும் சொல்லுங்க. இங்கயே வளந்த பிள்ளைகளுக்குத் தமிழ் சரியா வெளங்காது."

"குவே கா பானி ஹை" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "மைனே ஜூட் போலா தா" என்றார். தமிழில் மாத்திச் சொன்னது ஹிந்தியில் பொய் சொன்னேன் என்றே வந்துவிட்டது. அப்பாடா! என் நெஞ்சு குளிர்ந்தது.

உடனே கடையை விட்டு இறங்கி வந்து, மஞ்சளுக்குக் காலிச் சாக்கை நீட்டினார். நான் அவரைத் தாண்டி ஒவ்வொருவர் கையிலும் நேராகக் கொத்தைக் கொடுத்தேன். "எனக்குக் காசக் குடுங்க. அவருட்ட குடுத்தத அவருட்டயே திருப்பி வாங்கிக்கிடுங்க" என்றேன். அவர் சாக்கோடு நின்றார்.

வீட்டுக்காரர் ரிக்‌ஷா ஓட்டப் போகவில்லை. திலக் நகரில் மறுபடி கீரை கேட்கிறார்கள். பழையபடி கடைக்கே கொடு என்று அண்ணாச்சியும் தூது விட்டுப் பார்த்துவிட்டார். நான் தினமும் அவர் கடைக்கு எதிரில்தான் உட்காருகிறேன். உச்சி வெயில் அங்கேதான் விழுகிறது. நாலு கடை தள்ளி மரத்தடி காலியாகக் கிடக்கிறது, அங்கே போய் உட்காரேன் என்கிறார்கள். அங்கிருந்து பார்த்தால் அவர் முகம் தெரியாது.