சம்பந்தி தோப்புக்காக வளைந்த மின்பாதை

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் கோயம்புத்தூர் மின்வாரிய அலுவலகக் கம்ப்யூட்டருக்கு வரைபட மென்பொருள் வந்தது. உடுமலைப்பேட்டையிலிருந்து கிணத்துக்கடவுக்கு உயர் மின்னழுத்தப் பாதை போட வேண்டும். மவுஸை இழுத்தால் கோடு கூடவே ஓடியது. பார்த்துப் பார்த்துக் குதித்தோம்.

தன் தோப்பில் கோடு விழுகிறதென்று கேள்விப்பட்டு ஒரு விவசாயி பதறி வந்தார். கம்பிக்கு அடியில் வரும் தென்னையை வெட்டியே ஆக வேண்டும்.

"ஏனுங்க, கோட்டைக் கொஞ்சம் தெக்கால தள்ளிப்போடுங்க."

தள்ளினேன். முகமெல்லாம் சிரிப்பாகத் திரையைப் பார்த்தவர், கிணற்றையும் வாய்க்காலையும் அடையாளம் கண்டு அலறினார்.

"ஐயையோ, அது சம்பந்தி தோப்புங்க! போன தையிலதான் என்ற புள்ளைய அந்த ஊட்டுல கட்டிக் குடுத்தனுங்க!"

"அப்ப திரும்ப உங்க தோப்புக்கே கொண்டாந்தரட்டுங்களா?"

"இருங்க, நானே இழுக்கறனுங்க."

மவுஸைப் பிடித்து ஒரே இழுப்பு. கோடு ஆனைமலையைத் தாண்டிக் கேரளத்தில் போய் விழுந்தது.

"மலையாளத்துக்கே கரண்ட் குடுத்துப்போட்டீங்களே!" என்றேன். அறையே சிரித்தது, அவரும்தான்.

கடைசியில் இரண்டு தோப்புக்கும் அப்பால் ஒரு பாறைக்காடு கிடைத்தது. ஒரு டவர் கூடுதல்.

"இந்த வளைவு எதுக்குங்க?" என்றார் பெரிய அதிகாரி.

"அங்க சம்பந்தி ஊட்டுத் தோப்புங்க" என்றேன்.

அதிகாரியும் பெண்ணைக் கட்டிக் கொடுத்தவர்.

"அப்ப வளைஞ்சுதான் போகோணும்" என்று கையெழுத்துப் போட்டார்.