மாமா பேசிய கடைசி நிகழ்ச்சி

சிதம்பரத்தில் ஒரு சின்ன எஃப்.எம். நிலையத்தில் காலை நிகழ்ச்சி நடத்துகிறேன். வளைகுடாவில் நான் வேலை பார்த்த கடையை மூடிவிட்டார்கள். ஊர் திரும்பி என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தபோது கிடைத்த வேலை இது. வீடு கடலூர் செம்மண்டலத்தில். சுபுஹு தொழுதுவிட்டு பஸ் ஏறினால் ஆலப்பாக்கம் தாண்டும்போது விடியும். எங்கள் அலைவரிசை கடலூர் வரைக்கும் எட்டாது. என் மனைவி செல்போனில்தான் கேட்பாள்.

என்னோடு சேர்ந்து நிகழ்ச்சி நடத்தியவர் கிள்ளைக்காரர், மீனவக் குடும்பம். சுற்றுலா வருகிறவர்களைத் துடுப்புப் படகில் ஏற்றி பிச்சாவரம் சுரபுன்னைக் காட்டுக்குள் கூட்டிப்போவது அவர் தொழில். மீன்பிடித் தடைக்காலத்தில் மீனவர் வீடுகள் எப்படி ஓடுகின்றன என்று பேச ஒருநாள் விருந்தினராக வந்தார். வந்தவர் பேசினார், வலை இழுக்கும்போது பாடுகிற அம்பா பாட்டு பாடினார், போன் செய்தவர்களை எல்லாம் சிரிக்க வைத்தார். அதற்குப் பிறகு நிலையத்து மேனேஜர் காலை நேரத்தில் அவரைப் படகுக்கு விடவில்லை.

மைக்கில் அவர் என்னை மச்சான் என்றார், நான் அவரை மாமா என்றேன். நான் முஸ்லிம், அவர் மீனவர், எங்களுக்குள் என்ன உறவு என்று யாரும் கேட்டதில்லை. கொஞ்ச நாளில் சிதம்பரம் கடைத்தெருவில் பூக்கட்டுகிறவரிலிருந்து ஆட்டோக்காரர் வரைக்கும் அவரை மாமா என்றுதான் கூப்பிட்டார்கள்.

பாட்டு, காற்றும் கடலும் பற்றிய தகவல், விருந்தினர், நடுவில் எங்கள் விளையாட்டுச் சண்டை. முடியும்போது கடைசி இரண்டு நிமிடம் அவருக்கு. அதில் அவர் சிரிக்க வைக்கமாட்டார். நேற்றுப் பார்த்த ஏதாவது ஒன்றைச் சொல்வார். ஆஸ்பத்திரி வாசலில் கட்டிய மனைவிக்குத் தலை சீவிவிட்ட ஒரு கிழவர். படகில் வந்து, திரும்புகிற வரைக்கும் ஒருவரோடு ஒருவர் பேசாத புதுத் தம்பதி. நீதி எதுவும் சொல்லமாட்டார். பார்த்ததைச் சொல்லிவிட்டு நிறுத்திவிடுவார். அதற்காகவே வேலைக்குப் புறப்படாமல் காத்திருப்போம் என்று பலர் சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு மார்கழிக் காலையில் அவர் வரவில்லை. அவர் மனைவி போன் செய்தார். பல் தேய்க்கும்போது கீழே விழுந்துவிட்டாராம். பக்கவாதம். பாட்டுகளைத் தொடர்ந்து ஓடவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கையும் காலும் சில வாரங்களில் ஓரளவு திரும்பின. பேச்சு திரும்பவில்லை. ஒரே ஒரு சொல் மட்டும் தங்கியிருந்தது: சரிதான். தண்ணீர் வேண்டுமென்றாலும் சரிதான், வலித்தாலும் சரிதான். நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிகிறது, பதில் மனசிலும் இருக்கிறது, வாய்க்குத்தான் வரமாட்டேன் என்கிறது என்று டாக்டர் விளக்கினார்.

ரேடியோவில் மாமா வெளியூர் போயிருக்கிறார் என்று சொல்லச் சொன்னார் மேனேஜர். காலையில் ஜனங்கள் சந்தோஷமாக எழுந்திரிக்கிற நேரம், நோய்நொடியை ஏன் சொல்லணும், அவர் சீக்கிரம் வந்துடுவார் என்றார். நானும் அப்படித்தான் நம்பினேன். மாமா எப்போ வருவாரு என்று கேட்டவர்களுக்கெல்லாம், வெளியூர்ல ஜாலியா சுத்திட்டு இருக்காரு என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆனி மாதத்தில் ஒருநாள் கிள்ளைக்குப் போனபோது அவர் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், ஜாஸ்தி பேசமாட்டார்.

"தெனம் காலைல சட்டைய மாட்டிக்கிட்டு ரேடியோ பக்கத்துல வந்து நிக்கிறாரு தம்பி. ஒரு தடவ கூட்டிட்டுப் போங்க."

மாமாவுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண்ணிடம் தனியாகக் கேட்டோம். பேச்சு போனவர்களுக்குக்கூட சில சமயம் பாட்டு போகாதாம். பாட வைத்துப் பார்க்கச் சொன்னார். அம்பா பாட்டை அக்கா எடுத்துக்கொடுத்தார். மாமா கண்ணை மூடிக்கொண்டு வரி பிசகாமல் பாடினார். அத்தனை மாதத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து முழுசாக வார்த்தைகள் வந்தன. அக்கா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டார். எனக்கும் பெரிய நம்பிக்கை வந்துவிட்டது. நான் பேசுவது, அவர் பாடுவது, அவ்வளவுதான் ஏற்பாடு. அவரிடம் சொன்னேன். சரிதான் என்றார்.

அன்றைக்குப் புது சட்டை போட்டிருந்தார். மீசையை ஒதுக்கியிருந்தார். படியேற மட்டும் என் தோளைப் பிடித்துக்கொண்டார். மாமா வந்துட்டாரு என்று நான் சொன்னதுமே போன் அடிக்க ஆரம்பித்தது. பாட்டுப் பாடப்போகிறார் என்று சொல்லி மைக்கை அவர் பக்கம் தள்ளினேன்.

அவர் பாடவில்லை, பேசினார்.

தொண்டையைச் செருமிக்கொண்டு, கடைசி இரண்டு நிமிடத்துக்கு எப்படி ஆரம்பிப்பாரோ அதே தணிந்த குரலில், சரிதான் என்றார். கொஞ்சம் நிறுத்தி, இன்னொரு சரிதான். பிறகு வேகமாக, கோபமாக, இரக்கமாக, அந்த ஒரே சொல்லை வைத்துக்கொண்டு முழுசாக ஒரு கதை சொன்னார். கையை ஆட்டினார். நடுவில் யாரோ ஒருவருடைய நடையைக் காட்டினார். எதையோ பார்த்திருக்கிறார், அதைச் சொல்ல வந்திருக்கிறார். அது என்னவென்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. முடித்ததும் என்னைப் பார்த்தார். முகம் வேர்த்திருந்தது. சொல்லிவிட்டதாகத்தான் அவர் நினைத்தார் என்று தோன்றியது.

முதல் அழைப்பு குறிஞ்சிப்பாடியிலிருந்து. ஒரு அம்மா சிரித்த சிரிப்பில் பேச்சே வரவில்லை. "மாமா, நீங்க மாறவே இல்ல" என்றார். அடுத்தவர் ஒரு பையன். அவனே நாலு தரம் சரிதான் சொல்லிக் காட்டிவிட்டு, வீட்டில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிறோம் என்றான். பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவர்கள் மேல் என்ன தப்பு இருக்கிறது? மாமா என்றால் அவர்களுக்குச் சிரிப்பு. வெளியூரில் ஜாலியாக இருக்கிறார் என்றுதான் நாங்களும் சொல்லியிருந்தோம்.

மாமா ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு அதையெல்லாம் கேட்டார். முதலில் அவரும் சிரிக்கப் பார்த்தார். மூன்றாவது ஆள் சிரிக்கத் தொடங்கியபோது அவர் உதடு நடுங்கியது. என்னால் தாங்க முடியவில்லை. அழைப்பைத் துண்டித்துவிட்டு மைக்கில் சொன்னேன்:

"மாமா தமாஷ் பண்ணலங்க. அவருக்கு உடம்பு சரியில்லாம போயி பேச்சு போயிடுச்சி."

பேச்சு போய்விட்டது என்று அதுவரைக்கும் யாரும் அவர் முன்னால் சொன்னதில்லை. டாக்டரும், பயிற்சி கொடுத்த பெண்ணும், வீட்டிலும், கொஞ்சம் கொஞ்சமா வந்துடும் என்றுதான் சொல்லி வந்தார்கள். அவர் ஹெட்போனைக் கழற்றி, வயரை ஒழுங்காகச் சுற்றி, மேஜை மேல் வைத்தார். பாட்டைப் போட்டுவிட்டு அவர் பின்னால் போனேன். கையைத் தொடப்போனேன், உதறிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு தனியாகவே படி இறங்கினார். கீழே அக்கா ஆட்டோவில் உட்கார்ந்திருந்தார். ஆட்டோக்காரர் ரேடியோ போட்டிருந்தார். அக்கா எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

அன்று முழுக்க போன் வந்தது. சிரித்தவர்களே திரும்பக் கூப்பிட்டு அழுதார்கள். குறிஞ்சிப்பாடி அம்மா அவருக்காக விளக்கேற்றுவதாகச் சொன்னார். நானும் தொழுகைக்குப் பிறகு நெடுநேரம் துஆ கேட்டேன். ஜனங்கள் இவ்வளவு கூப்பிடுகிறார்களே, மாமாவை வாரம் ஒரு நாள் வரவைத்தால் என்ன என்று மேனேஜர் கேட்டார். எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

அதன் பிறகு மாமா பயிற்சிக்குப் போகவில்லை. பாட்டை அக்கா எடுத்துக்கொடுத்தாலும் வாய் திறக்கவில்லை. வீட்டில் ரேடியோ போடக்கூடாது என்று அதை எடுத்துத் துணிக்குள் சுருட்டி வைத்துவிட்டாராம். கொஞ்ச நாளில் அந்தச் சரிதானும் நின்றுபோனது. பசித்தால் தட்டுக்கு முன்னால் போய் உட்காருவார், அவ்வளவுதான் என்றார் அக்கா.

வாரா வாரம் போனேன். நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எழுந்து பின்பக்கமாகப் போய்விடுவார். வாய்க்கால் கரையில் எங்களுக்கு முதுகைக் காட்டி நிற்பார். அக்கா கொடுக்கிற டீயைக் குடித்துவிட்டுத் திரும்புவேன். ஒருநாள் டம்ளரை வாங்கிக்கொண்டே அக்கா சொன்னார்:

"தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. நீங்க வந்துட்டுப் போற அன்னிக்கெல்லாம் அவரு சாப்பிடறதில்ல."

சரிங்க அக்கா என்றேன். மாமா கரையிலேயே நின்றிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

கிள்ளைக்குப் போய் வருஷம் ஆகிறது. அவர் இடத்தில் இப்போது ஒரு பெண் உட்காருகிறாள். கெட்டிக்காரி, கலகலவென்று பேசுவாள். நானும் அவளுக்குச் சரியாகச் சிரிக்கிறேன். முன்னைவிட இப்போது ஜாஸ்தி பேர் கேட்கிறார்கள் என்கிறார் மேனேஜர். கடைசி இரண்டு நிமிடத்தில் விளம்பரம் வருகிறது.