வல்லம் வடகாலில் புல் வளர்த்தேன்

தொழிற்சாலைத் தோட்டக்காரனுக்கு வருஷத்தில் இரண்டே பருவம்: பெரிய ஆட்கள் பார்க்க வரும் பருவம், வராத பருவம்.

நான் சங்கரன்கோவில்காரன். வல்லம் வடகாலில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் கார்டன் சூப்பர்வைசர். பெரிதாக நினைத்துவிடாதீர்கள், எனக்குக் கீழே பென்னலூர் செல்வி அக்காவும் இன்னும் இரண்டு பேரும்தான். வெயிலில் காய்ந்துகொண்டே ஏசியில் இருப்பவரிடம் ஏச்சு வாங்கும் உங்களுக்கு இதெல்லாம் புரியும்.

மரத்தின் மேல் கோபம்

பங்குனியில் புங்கமரம் இலை உதிர்க்கும். பார்க்கிங்கில் நின்ற மரமும் உதிர்த்தது, அட்மின் மேனேஜரின் வெள்ளைக் கார்மேல். காரை வெட்டவெளிக்கு மாற்றிவிட்டு, "அத்த வெட்டிடு" என்றார். "இப்பம் தளுத்துரும் சார்" என்று கெஞ்சினேன். மசியவில்லை. மரம் அறுக்கிற மெஷின் ரிப்பேர் என்று பொய் சொல்லி இழுத்தடித்தேன்.

சித்திரையில் மரம் பச்சைக் குடையாக விரிந்தது. ஒரு மத்தியானம் மேனேஜர் ஸ்டியரிங்கைத் தொட்டுவிட்டுக் கையை உதறினார். மறுநாள் கார் மரத்தடிக்கு வந்துவிட்டது. நான் விடுவேனா? "மெஷின் சரியாயிட்டு சார், நாளைக்கு வெட்டிருவமா?" என்றேன்.

"இன்னாய்யா, மரம்னா உனக்கு அவ்ளோ வெறுப்பா?"

எருமையும் கேட் பாஸும்

கோடையில் சுற்றுவட்டாரத்திலேயே எங்கள் புல்தரைதான் பச்சை. வேலியை வளைத்துக்கொண்டு ஓர் எருமை உள்ளே வந்து, வாசல் செயற்கை நீரூற்றில் சுகமாகப் படுத்துவிட்டது. நானும் செல்வி அக்காவும் தள்ளிப் பார்த்தோம். எங்களுக்குத்தான் மூச்சு வாங்கியது. எருமைக்காரர் தேடி வந்து ஒரு சத்தம் கொடுத்ததும் எழுந்து அவர் பின்னால் நடந்தது.

கேட்டில் செக்யூரிட்டி மறித்தார். உள்ளே வந்ததற்கு என்ட்ரி இல்லையாம், பாஸ் இல்லாமல் வெளியே விட முடியாதாம். எருமைக்காரர் கம்பெனியின்மேல் ஒருமுறை கண்ணை ஓட்டினார்.

"இது எங்க நெலமா இருந்தப்போ உங்க யாரையாவது நாங்க பாஸ் கேட்டமா?"

வெளிநாட்டு விருந்தாளி

கத்திரி வெயிலில் வெளிநாட்டு விருந்தாளி வருவதாகச் செய்தி. பச்சையாக இருந்த புல்லும் அதற்குள் மஞ்சளாகிக் கிடந்தது. "பச்சையாவலைன்னா நாலு பேரையும் மாத்திடுவேன்" என்றார் மேனேஜர். செல்வி அக்கா முகம் செத்துப்போனது. அவள் பெண் அப்போதுதான் தண்டலத்தில் காலேஜ் சேர்ந்திருந்தாள். எங்களுக்குக் கிடைப்பது கக்கூஸ் கழிவை வடிகட்டிய தண்ணீர். அந்த வாரம் பார்த்து வடிகட்டியும் பழுது. வேறு வழியில்லாமல் வடிகட்டாமல் அப்படியே பாய்ச்சினோம். புல் பச்சையானது, காற்றும் ஒரு மாதிரியானது.

விருந்தாளி மூக்கை உறிஞ்சி, என்ன வாசனை என்று கேட்டார். மேனேஜர் என்னை முறைத்துவிட்டு, "இயற்கை உரம்" என்றார். விருந்தாளிக்கு ஒரே மகிழ்ச்சி. குனிந்து புல்லை இரண்டு கையாலும் தடவி, ஆகா என்றார். எங்கள் வேலை தப்பியது. எனக்கு உயிர் வந்தது, செல்வி அக்கா மட்டும் பதறினாள்.

"தம்பி, அவர மொதல்ல கைய கழுவச் சொல்லு, நேரா கேன்டீனுக்கு இட்டுகினு போறாங்கோ!"

இத்தனை வருஷத்தில் என்மேல் புகார் கொடுக்காதவை செடிகள் மட்டும்தான், அதுவும் அவற்றுக்கு ஈமெயில் இல்லாத காரணத்தால்.