சிவப்பு அரிவாள்களும் ஓர் இரத்தப் பரிசோதனையும்

வடக்கில் போரும் தெற்கில் கிளர்ச்சியுமாக இருந்த காலம். கண்டியில் விடிந்தால் மதில்களில் கிளர்ச்சிக்காரரின் சுவரொட்டிகள் சிவப்பு எழுத்தில் இருக்கும். வத்தேகமப் பக்கம் ஒரு கல்லூரியில் பரம்பரை நோய்கள் பற்றிப் பேச, உயிரியல் ஆசிரியனான என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அரிவாள் உரு இரத்தசோகையைத் தெரிவுசெய்தேன். வட்டமாக இருக்கவேண்டிய சிவப்பணுக்கள் அரிவாள்போல வளைந்து இரத்தக் குழாய்களை அடைக்கிற நோய் அது. படம் கீறித்தந்த எங்கள் சித்திர ஆசிரியர், திகனைக்காரர், துணைக்கு வந்தார்.

வழியில் இராணுவம் பஸ்ஸை மறித்தது. ஒரு சிப்பாய் என் கையிலிருந்த சுருளை விரித்தார். தாள் நிறையச் சிவப்பு அரிவாள்கள். சித்திர ஆசிரியர் என்னை வாழ்நாளில் கண்டிராதவர்போல ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

“இது எந்தக் கட்சி?” என்று சிங்களத்தில் கேட்டார் சிப்பாய்.

“கட்சியில்லை, இரத்தம்” என்றேன். நிலைமை இன்னும் மோசமாயிற்று.

அவருடைய மேலாள் வந்தார். நடுத்தெருவில் நின்று பாடத்தை நடத்தினேன். தாயும் தகப்பனும் சுகமாகவே இருப்பார்கள். இரண்டு பேரிலும் இந்தக் குணம் ஒளிந்திருந்தால் பிள்ளைக்கு நோய் வரலாம். சொந்தத்துக்குள் கட்டினால் அந்த வாய்ப்புக் கூடும். இரத்தத்தைச் சோதித்தால் முன்கூட்டியே தெரியும். மேலாள் என்னைச் சற்றுத் தள்ளிக் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தினார்.

“மாமாவின் மகளைக் கட்டலாமா?”

“கட்டலாம். முதலில் இரண்டு பேரும் இரத்தம் சோதித்துப் பாருங்கள்.”

“மாமாவிடம் அதை யார் சொல்வது?”

அவர் பெருமூச்சு விட்டு, சுருளைத் தந்து அனுப்பிவிட்டார்.

பஸ் புறப்பட்டதும் சித்திர ஆசிரியரிடம் கேட்டேன். “என்னைத் தெரியாத மாதிரி இருந்தீங்களே, ஏன்?”

“அருவா மாதிரியே வேணும்னு நீங்கதானே மாஸ்டர் சொன்னீங்க” என்றார். அவருக்கும் என்மேல் கோபம்.

கல்லூரியில் எல்லாரும் அமைதியாகக் கேட்டார்கள். கடைசியில் தேயிலைத் தோட்டப்பகுதி மாணவி ஒருத்தி எழுந்தாள். “சார், ஜாதகத்தோட இதையும் பாக்கணுமா?”

“இதை முதலில் பாருங்கோ” என்றேன். பின்வரிசையில் ஒரு மாணவன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் அவளுடைய அத்தை மகன் என்று பிறகு தெரிந்தது.

சில மாதங்கள் கழித்து அவளைக் கண்டி பஸ் நிலையத்தில் கண்டேன். அவளும் அத்தை மகனும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சோதித்தார்களாம்.

“ரெண்டு பேருக்கும் ஒண்ணும் இல்ல சார்.”

“நல்ல செய்திதானே. ஏன் முகம் இப்படி இருக்கு?”

“ஊசியப் பாத்ததும் அவரு மயங்கி விழுந்துட்டாரு. ரெண்டு நர்ஸம்மா சேந்துதான் தூக்கினாங்க. அதான் யோசிக்கிறேன்.”

அதற்கும் ஒரு பரிசோதனை இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். அடுத்த தை மாதம் அவர்கள் இருவரின் கல்யாணப் பத்திரிகை வந்தது.