தொட்டித் தக்காளிக்குப் புண்ணாக்குத் தண்ணீர்

சாயப்பட்டறை லேபில் வேலைக்குச் சேர்ந்த வருடம், மண்ணே இல்லாமல் உரம் கரைத்த தண்ணீரில் தக்காளி வளர்க்கலாம் என்று படித்தேன். குன்னத்தூருக்குப் பக்கத்தில், எங்கள் வீட்டின் பின்புறம் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் நாலு செடி வைத்தேன். அவை காய்த்தால் அடுத்த போகம் தோட்டத்துக்கு நான் சொல்கிற உரம்தான் என்று அப்பா ஒத்துக்கொண்டிருந்தார். வீட்டிலேயே முதலில் படித்தவன் நான். என் படிப்பை அவர் நம்ப வேண்டுமே என்றிருந்தது.

பூ விட்ட வாரத்தில் செடிகள் வாடின. தொட்டி நாறியது. வேர்கள் குழைந்திருந்தன.

"நாந்தான் கண்ணு, எருமைக்கு ஊற வெச்ச புண்ணாக்குத் தண்ணி ரெண்டு சொம்பு ஊத்துனேன்" என்றாள் அம்மா. "வெறும் உப்புத் தண்ணியக் குடிச்சா பாவம், எப்படிக் காய்க்கும்? பாத்தியில இருக்குற தக்காளிக்கும் அதத்தான் ஊத்துறேன், நல்லாத்தான இருக்குது?"

ஓடிப்போய்ப் பார்த்தேன். பாத்தித் தக்காளி கருகருவென்று தழைத்திருந்தது. மண்ணில் புண்ணாக்கைச் செரித்துச் செடிக்குக் கொடுக்க நுண்ணுயிர்கள் இருந்தன. என் தொட்டியில் அது அழுகத்தான் செய்தது.

சாயங்காலம் அப்பாவிடம், "காய்க்கலீங்கப்பா. ஆனா உரத்தப் பத்தி ஒண்ணு சொல்லட்டுங்களா?" என்றேன்.

"தோத்தவனுக்கு என்ன பேச்சு? சரி, சொல்லு."

"தொட்டிக்குக் கடை உரந்தானுங்க. தோட்டத்துக்குச் சாணிக்குப்பையும் புண்ணாக்கும் போட்டு, யூரியாவக் கொறைச்சுக்கலாமுங்க."

"அப்ப ஜெயிச்சது உங்கம்மா" என்று சிரித்தார். "அப்படியே போட்டுப் பாக்கலாம்."

தொட்டியைக் கழுவி மறுபடியும் நாற்று வைத்தேன். அம்மா சொம்போடு வந்தாள், தொட்டியருகே ஒரு கணம் நின்றாள், பிறகு பாத்திக்குப் போய் ஊற்றினாள்.