டம்ளர் இட்லி வேகும் நேரம்

என் மகள் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டு நடு அறையில், முன்பு என் மனைவியின் தறி இருந்த இடத்தில், அவளுடைய மேசை இருக்கிறது. தறிக்குழியை மண் போட்டு மூடி டைல்ஸ் பதித்தாகிவிட்டது. மதியச் சமையல் என் பொறுப்பு. ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியனுக்கு வேறு என்ன வேலை?

இரண்டு மீட்டிங்குகளுக்கு நடுவே அவளுக்குக் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். அதற்குள் முடிவதைச் செய்வேன். ஊறிய அவலில் தயிரும் துருவிய கேரட்டும் போடுவேன். முளைகட்டிய பயறு இருந்தால் வெங்காயம் அரிந்து எலுமிச்சை பிழிந்துவிடுவேன். அன்று இரண்டும் இல்லை. ஃப்ரிட்ஜில் கொஞ்சம் புளித்த மாவு மட்டும் இருந்தது. மிளகு சீரகத்தைத் தட்டிப்போட்டு, சுக்குப்பொடி தூவி, கொல்லை முருங்கைக்கீரையை உருவிக் கலந்து, நெய் தடவிய டம்ளர்களில் ஊற்றி அடுப்பேற்றினேன். கோயிலில் பெருமாளுக்கு மூங்கில் குடலையில் மணிக்கணக்காக வேகிற இட்லி, எங்கள் வீட்டில் கால் மணியில் வெந்தாக வேண்டும்.

"சாப்ட வாம்மா."

"நான் சாப்ட்டேன்பா. நீ சாப்டு."

"எப்ப சாப்ட்ட?"

"காலையிலயே. பிஸ்கட்டு. அய்யோ தள்ளுப்பா, கேமரால உன் பனியன் தெரியுது!"

தள்ளி நின்றேன். அதே அறை, அதே சொல், கிட்டத்தட்ட அதே குரல்.

அந்த நாட்களில் மதியம் பள்ளியிலிருந்து சைக்கிளில் வீட்டுக்கு வருவேன். எனக்குச் சோறு சூடாக இருக்க வேண்டும். மனைவி நெசவை நிறுத்திவிட்டு எழுந்து சமைத்து வைப்பாள். மறுபடி குழியில் இறங்கிக்கொண்டே, "நான் சாப்ட்டேன், நீங்க சாப்டுங்க" என்பாள். ஒருநாள் நானே பானை மூடியைத் திறந்தேன். சோறு கரண்டி படாமல் இருந்தது. ஒரு ஆளுக்குத்தான் வரும். அவள் சாப்பிடவில்லை என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. நல்ல பசி. முழுவதையும் சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனேன். மறுநாளும் அப்படித்தான். அப்புறம் அதைக் கவனிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். சர்க்கரைக்கு மாத்திரை போட்டுக்கொண்டு, வேளை தவறாமல் சாப்பிட வேண்டியவள் அவள். ஒரு மதியம் தறியிலேயே மயங்கிச் சாய்ந்தாள். பிறகு கண் திறக்கவே இல்லை.

மீட்டிங் முடிந்ததும் தட்டோடு மகளிடம் போனேன். யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன்.

"உங்கம்மாவும் இப்படித்தான் சாப்ட்டேன்னு சொல்லுவா. பொய்னு தெரிஞ்சேதான் தின்னேன்மா."

அவள் நிமிர்ந்தாள். "தெரிஞ்சேவா?"

"பானையில அவளுக்குன்னு ஒரு கை சோறு நான் வைக்கல."

"இத்தினி வருசமா ஏன்பா சொல்லல?"

தட்டை நீட்டினேன். "ஆறிடப் போவுதும்மா" என்றேன்.

கம்ப்யூட்டரில் அடுத்த அழைப்பு வந்தது. அவள் அதை மூடி வைத்துவிட்டுத் தட்டை வாங்கிக்கொண்டாள். என் பக்கம் திரும்பவில்லை. இட்லியைப் பிட்டு மெதுவாக மென்றாள். நடுவில் மிளகு கடிபட்டு இருமினாள். தண்ணீர் எடுத்து வைத்தேன். குடித்துவிட்டு மறுபடி சாப்பிட்டாள்.

நான் சுவரோரம் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். என் மனைவி சாப்பிடும்போது எப்படிச் சத்தம் வரும் என்று எனக்குத் தெரியாது.